ரமணி சாரின் வலது கை

ஆரியசாலையில் ஒரு வெல்லக் குடோனுக்குள் நின்று பாறை ஏறச் சொல்லிக்கொடுத்தவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் கிளைம்பிங் சுவர் வந்துவிட்டது. கனமான மெத்தை, ஏசி, பாட்டு. அங்கே பயிற்சியாளராகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, ஜிம்மில் நன்றாக ஏறுகிறவர்கள் வெளியே பாறையில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்கிறார்கள். தடுமாறினால் தடுமாறட்டும், கொஞ்ச நாளில் கால் பழகிவிடும். ஜிம்மில் ஒருவர் தப்பே இல்லாமல் படித்த பாடம் பாறையில் என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பயம். அதற்கு ஒரு நாள் கதையைச் சொல்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது.

1. குடோன் சுவர்

என் ஊர் களியக்காவிளைப் பக்கம். உடற்கல்வி படித்தவள். என்சிசியில் இருந்தபோது வடக்கே போய்ப் பாறையேற்றப் பயிற்சியும் முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த காலத்தில்தான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வெல்ல மொத்த வியாபாரம். வியாபாரம் சுருங்கி ஒரு குடோன் காலியானதும் அதில் முதலில் எடை தூக்கும் ஜிம் வைத்தார். கூரை உயரமாக இருக்கிறதே, சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லை. பெங்களூரில் யாரோ சுவர் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, இரும்புச் சட்டம் அடித்து, பிளைவுட் பதித்து, ஒரு சுவர் எழுப்பிவிட்டார்.

முதல் நாள் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"யம்மா, நீ கீழ விழுந்திருக்கியா?"

"நிறைய தடவை விழுந்திருக்கேன் அண்ணாச்சி."

"அப்பச் செரி. விழாதவன வச்சா எவனையாவது விழவச்சிருவான். நாளைக்கே வா."

சுவரில் பிடித்து ஏறுவதற்கு நான்கு நிறத்தில் ஹோல்டுகள் பதித்திருந்தோம். பச்சை சுலபம், சிவப்பு கஷ்டம். நிறத்தைப் பார்த்துக் கை வைத்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. ஒரே தொல்லை எறும்பு. எத்தனை வருடம் வெல்லம் கிடந்த இடமோ, ஹோல்டுக்குள் கையை விட்டால் கடித்துவிடும். "எறும்பு கடிச்சும் விடாதவதான் ஏறுவா" என்று நானே பெருமை பேசியிருக்கிறேன்.

ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே உள்ள கம்பி வளையத்தில் புகுந்து கீழே இன்னொருவர் இடுப்புக்கு வரும். அவர் இடுப்பில் எட்டு போல ஒரு இரும்பு இருக்கும். அதன் வழியாகக் கயிற்றை இழுத்தும் விட்டும் மேலே இருப்பவரைக் காப்பது அவர் வேலை. அதற்குப் பிலே என்று பெயர். பிலே செய்கிறவரின் வலது கை கயிற்றை விட்டால் மேலே இருப்பவர் கீழே. அவ்வளவுதான் சாஸ்திரம். ஆகையால் என் முதல் விதி: வானமே இடிந்தாலும் வலது கையை எடுக்காதே. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருக்கிறது.

இரண்டாவது விதி அண்ணாச்சியுடையது. காலமெல்லாம் மூட்டை கட்டியவர். முடிச்சோடு கயிறு கிடந்தால் அவருக்குக் கை காலெல்லாம் பதறும். "முடிச்சு விழுந்த எடத்துல கயிறு செத்துப்போகும்ட்டீ" என்பார். ஏறி முடித்ததும் எல்லா முடிச்சையும் அவிழ்த்து, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உறுப்பினர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல பழக்கம்தானே என்று நானும் அதைக் கண்டிப்பாக நடத்தினேன்.

2. ஏறுகிறவளும் பிடிக்கிறவரும்

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வைதேகி டீச்சர், ரமணி சார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். அவருக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. கையை உயர்த்திப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்ல, பிசியோதெரபியில் அலுத்துப்போய், யாரோ சொல்லி எங்கள் சுவருக்கு வந்தார்கள்.

முதல் மாதம் பச்சையில் பாதி. அப்புறம் முழுப் பச்சை. பிறகு பார்த்தால், சுடிதாருக்கு மேலே கயிறு மாட்டும் இடுப்புப் பட்டையான ஹார்னெஸைக் கட்டிக்கொண்டு, கல்லூரிப் பையன்கள் திணறும் சிவப்பில் போய் நிற்கிறார். உச்சியில் கம்பியைத் தொட்டு "ஆச்சு" என்று ஒரு குரல். சொன்ன கையோடு பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்கார்ந்துவிடுவார். ரமணி சார் மெதுவாகக் கீழே இறக்குவார்.

சார் ஏறவே மாட்டார். அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் வேலை. ஒரு நாள் கேட்டேன், "சார், ஒரு வாட்டி ஏறிப் பாக்கப்படாதா?"

"எனக்கு எதுக்கும்மா? ஏறறது அவ டிபார்ட்மென்ட். பிடிக்கறது என் டிபார்ட்மென்ட்."

டீச்சருக்கு வேறு யாரும் பிலே செய்ய அவர் விட்டதில்லை. என்னையும் விட்டதில்லை. எனக்கு அதில் லேசாகக் கோபம்கூட உண்டு. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் நான்தானே? ஆனால் ஆபரேஷன் நாளில் தியேட்டர் வாசலில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனுஷன் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

3. வித்துராவுக்கு அப்பால்

உறுப்பினர்களை நிஜப் பாறைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நான்தான் அண்ணாச்சியை அரித்தெடுத்தேன். அவரும் ஜீப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். முதல் தடவை என்பதால் டீச்சரும் சாரும் மட்டும். வித்துரா தாண்டி, ரப்பர் தோட்டம் முடியும் இடத்தில், நான் முன்பே போய் ஏறிப் பார்த்துவைத்திருந்த கரும்பாறை.

டீச்சர் பாறையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலே எங்கே கை வைக்கறது ஸ்டெல்லா? கலரே இல்லையே" என்றார்.

"கை வைக்கதுக்குக் கொஞ்சம்தான் டீச்சர். கால நம்பி ஏறணும்."

ஏறும் வழி நேராக இல்லை. ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகச் சாய்ந்து மேலே போக வேண்டும். உச்சியில் மரத்தில் கயிற்றுக்கான கட்டு. அங்கே போனதும் மரத்தைப் பிடித்து மேலே ஏறி, பின்பக்கப் பாதையில் நடந்து இறங்கிவிடலாம். உச்சியிலிருந்து நேர் கீழே ஓர் ஓடை. நாங்கள் நின்ற திட்டைவிட ஒரு மாடி அளவு பள்ளம், முழுக்கக் கற்கள். ஏறுவதற்குக் கயிறு போதும். நேராக அந்த ஓடைக்கு இறக்குவதற்குப் போதாது.

இதை இரண்டு பேரிடமும் விளக்கமாகச் சொன்னேன். "உச்சிக்குப் போனா கயித்துல உக்காரக் கூடாது டீச்சர். நடந்துதான் வரணும், கேட்டியளா?" தலையாட்டினார்கள். கூடுதல் பாதுகாப்புக்குக் கயிற்றின் நுனியில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டேன். எப்போதாவது கயிறு தீர்ந்தாலும் அந்த முடிச்சு எட்டில் மாட்டி நின்றுவிடும். பிறகு மேலே போய்க் கட்டைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

டீச்சர் ஏறினார். முதலில் கால் வழுக்கியது, பிறகு பிடி கிடைத்தது. வெடிப்புக்குள் கையை மடக்கிக் கொடுத்து அவர் ஏறிய அழகை மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி, "யம்மா ஸ்டெல்லா, கால்ல என்னமோ ஊருது, இது அட்டைதானா பாரு" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தேன்.

மேலேயிருந்து "ஆச்சு" என்று குரல் கேட்டது.

நிமிர்வதற்குள் டீச்சர் பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்கார்ந்துவிட்டார். சாரும், குடோனில் எத்தனையோ தடவை செய்ததுபோல, அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வழவழவென்று இறக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. முடிச்சு இருக்கிறதே. திட்டுவதற்காக அவர் பக்கம் நடந்தேன். அப்போதுதான் அவர் காலடியில் கயிற்றின் நுனி பாறைமேல் ஊர்ந்து போவதைப் பார்த்தேன். அதில் முடிச்சு இல்லை.

"நில்லுங்க சார்" என்று கத்திக்கொண்டே பாய்ந்து நுனியைப் பிடித்தேன். அவர் நின்றுவிட்டார். அவர் கைக்குக் கீழே ஒரு முழம்தான் மிச்சம்.

4. விடாத கை

டீச்சர் ஓடைக் கற்களுக்கு மேலே அந்தரத்தில் தொங்கினார். அவர் இருந்த இடத்தில் பாறை உள்வாங்கியிருந்தது. திரும்ப ஏற முடியாது. நாங்கள் மேலே இழுக்கவும் முடியாது, கயிறு மரத்திலும் பாறை விளிம்பிலும் உரசிக்கொண்டிருந்தது. ஹார்னெஸில் ரொம்ப நேரம் தொங்கினால் கால் மரத்துப்போகும்.

நுனியில் முதலில் முடிச்சைப் போட்டேன். இனி நழுவாது. ஜீப்பிலிருந்து இன்னொரு கயிறு எடுத்து வரச் சொன்னேன். அண்ணாச்சி அட்டையை மறந்து ஓடினார். அந்தக் கயிற்றை என் எட்டில் கோத்து, என்னை ஒரு மரத்தோடு கட்டிக்கொண்டேன். புருசிக் என்று ஒரு முடிச்சு உண்டு. மெல்லிய கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிப் போடுவது. பாரம் விழுந்தால் கவ்விப் பிடிக்கும். அதை சாரின் எட்டுக்கு மேலே, டீச்சரைத் தாங்கிய கயிற்றில் போட்டு, என் கயிற்றோடு இணைத்தேன். இனி சார் தன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பாரம் என் பக்கம் வந்துவிடும், நான் டீச்சரை இறக்கிவிடலாம்.

"சார், இப்ப மெதுவா விடுங்க."

அவர் அசையவில்லை. கை வெளுத்துப்போயிருந்தது.

"சார், நான் பிடிச்சாச்சு. விடுங்க."

"நீதானே சொன்னே, வானமே இடிஞ்சாலும் விடப்படாதுன்னு."

"சொன்னேன் சார். இப்ப நானே சொல்லுதேன், விடுங்க."

"முடியாது."

அடம் இல்லை அது. கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாராலும் அடிக்க முடியாது. அண்ணாச்சி, "சார், பிள்ள சொல்லுதுல்லா, கேளுங்க" என்று கெஞ்சினார். பயனில்லை.

டீச்சருக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும். அந்தரத்திலிருந்து நிதானமாகக் குரல் வந்தது. வகுப்பில் பேசுகிற குரல்.

"ஏன்னா, கால் மரத்துப்போறது. நான் கீழே வரணும்."

"வைதேகி, நான் பிடிச்சிண்டிருக்கேன். பயப்படாதே."

"எனக்குப் பயமில்லை. நீங்க பிடிச்சிண்டிருக்கறதாலதான் நான் இங்கேயே தொங்கறேன். விட்டாத்தான் வர முடியும்."

"நீ விழுந்துட்டேன்னா?"

"அன்னைக்கு டாக்டர் கையிலே என்னை விட்டேளா இல்லையா? வெளியிலேதானே நின்னேள்? நான் திரும்பி வந்தேனோல்லியோ? இப்பவும் வருவேன். ஸ்டெல்லா கையிலே விடுங்கோ."

சார் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் முதலில் பிரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கயிறு ஒரு சாண் நகர்ந்தது, புருசிக் கவ்வியது, டீச்சரின் முழுப் பாரமும் என் இடுப்பில் வந்து நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான பாரத்தை நான் சுமந்ததில்லை.

சாரின் எட்டிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு, மெல்ல மெல்ல இறக்கினேன். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்திலிருந்து, "ஸ்டெல்லா, தரை வந்தாச்சு. தண்ணி நல்ல ஜில்லுன்னு இருக்கு" என்று குரல் கேட்டது. மரத்தில் கட்டியபடியே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியவில்லை. அண்ணாச்சி தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பாறையில் படுத்துவிட்டார்.

5. சொல்ல வேண்டியது

முடிச்சு எங்கே போனது என்று பிறகுதான் கேட்டேன்.

"அது சிக்குன்னு நெனச்சேன்ம்மா. நீ மேலே போனப்ப நான்தான் அவுத்துச் சுருட்டி வச்சேன்" என்றார் சார்.

நான் கத்துவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சார ஒண்ணும் சொல்லாத. நம்ம கடையில நாம படிச்சுக்குடுத்ததத்தான் அவரு செஞ்சிருக்காரு."

உண்மைதான். உட்கார்ந்த டீச்சரும், இறக்கிய சாரும், அவிழ்த்த முடிச்சும், விடாத கையும், எல்லாமே குடோனில் நாங்கள் பாராட்டிய பாடங்கள். எங்கள் மாணவர்களிலேயே சிறந்த இரண்டு பேர் அவர்கள். சுமாரான ஆள் என்றால் முடிச்சை அவிழ்த்திருக்க மாட்டார்.

அதிலிருந்து நான் எந்த விதியையும் காரணம் இல்லாமல் சொல்வதில்லை. பிலே கற்றுக்கொடுக்கும் அன்றே, பிடித்த கயிற்றை இன்னொருவரிடம் கைமாற்றவும் பழக்குகிறேன். புதுப் பயிற்சியாளர்கள் இது தேவையா என்கிறார்கள். ஆமாம், தேவை. பிடிக்க எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், சரியான ஆளிடம் விடுவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

திரும்பும் வழியில் வித்துராவில் டீக்கு நிறுத்தினோம். ரமணி சாரின் வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, கிளாஸ் கையில் நிற்கவில்லை. கடையில் இத்தனை பேர் பார்க்க, டீச்சர் கிளாஸை வாங்கி ஊதி ஆற்றி அவர் வாயருகே வைத்தார். சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிளாஸைப் பிடித்துக்கொண்டார்.

"நானே குடிச்சுப்பேன் வைதேகி."

"விடுங்கோன்னா" என்றார் டீச்சர்.

இந்த முறை அவர் உடனே விட்டுவிட்டார்.