சாம்பாருக்கு அரைப்பேர்

பாச்சாங் ஊரில் ஒரு கல்யாண விருந்தில் சாம்பார் இலையைத் தாண்டி ஓடியது. பந்திக்குக் குழுவும் தலைவரும் போட்டவர்கள் பருப்பைப் போடவில்லை. எனக்கு அப்பா நினைவு வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில், ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார். கலந்திருந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான்.

அப்பா அம்மா கல்யாணம் பிடிக்காமல் அதற்கே வராத அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, ஒருநாள் சொல்லாமல் வந்து நின்றார். இருந்த சாம்பாரில் அம்மா தண்ணீர் ஊற்றினாள். அதைப் பரிமாறினாள். மாமா தட்டையே பார்த்தார்.

அப்பா ஒரு முருங்கைத்துண்டைச் சட்டியில் விட்டு, கிராணியைப் போல் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

“தண்ணிப்பாலு! இந்தப் பொம்பளைக்கு அரைப்பேரு!”

“நீங்க வாங்கிட்டு வர்ற பருப்புக்கு இதுவே ஜாஸ்தி,” என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். தட்டை நீட்டினார்.

“என் தங்கச்சிக்கு முழுப்பேரு போடுங்க, மச்சான்.”

அப்பாவை அவர் முதன்முதலாக முறை சொல்லி அழைத்தது அன்றுதான்.