தங்கச்சியின் பைபிளில் இல்லாத நூல்

மூன்று வருடத்துக்கு முன், நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்று உடப்புசல்லாவைப் பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அம்மா தவறிய பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள்.

வலப்பனையில் வாழ்க்கைப்பட்ட என் ஒரே தங்கச்சி, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கத்தோலிக்கக் கோயிலை விட்டு வேறொரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டாள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது பைபிளில் இல்லை என்பது அவள் கட்சி. ஒரு இடத்தில் காட்டினால் தானும் கல்லறைக்கு வந்து ஜெபிப்பதாகப் போனில் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அவள்தான் செல்லம். அவள் இல்லாமல் எப்படி அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது? நானோ கோயிலில் வருடக்கணக்காக வாசகம் வாசிப்பவன், விடுவேனா? மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரம் என்று தேடிப் பிடித்தேன். போரில் இறந்தவர்களின் பாவத்துக்காக மன்றாடியது அதில் அப்படியே இருக்கிறது. மனப்பாடமே செய்துவிட்டேன்.

அன்று மத்தியானம் தன் பைபிளோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். நான் கம்பீரமாக அதிகாரத்தைச் சொன்னேன். புரட்டினாள், பொருளடக்கத்தைப் பார்த்தாள், அப்படி ஒரு நூலே இல்லை என்றாள். வாங்கி நானே தேடினேன். மல்கியா முடிந்ததும் நேரே மத்தேயு வந்துவிட்டது, நடுவில் மக்கபேயர் இல்லை. நம்முடையதில் உள்ள ஏழு நூல்கள் அவர்கள் பைபிளில் கிடையாது என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். இத்தனை வருடம் வாசித்த பெரிய மனுசனுக்கு அது தெரியாது! என் பைபிளை எடுத்துக் காட்டினேன்.

"இது ஒங்க பைபிளுண்ணே" என்றாள்.

தோற்ற கோபத்தில், அம்மா மேல் பாசமே இல்லாதவள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

நானும் மனைவியும் மட்டும் கல்லறைக்குப் போனோம். தூறல் விடவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டே இருந்தது. நாலாவது குச்சியைக் கிழிக்கும்போது தலைக்கு மேல் ஒரு குடை வந்தது. பார்த்தால் தங்கச்சி. குடையை முழுக்க மெழுகுவர்த்திப் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள், அவள் முதுகு நனைந்துகொண்டிருந்தது.

"நான் ஜெபம் பண்ண மாட்டேண்ணே. ஆனா தாய் தகப்பன கனம்பண்ணச் சொல்லி என் பைபிள்லயும் இருக்கு. நீங்க பண்ணுங்க, நான் கொட புடிக்கிறேன்."

செபத்தைத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. மீதியை மனைவிதான் சொல்லி முடித்தாள். அதுவரை தங்கச்சி குடையை நகர்த்தவில்லை.

அந்த அதிகாரத்தை இப்போதும் பார்க்காமல் சொல்வேன், ஆனால் எங்கள் வழக்கத்துக்கு பைபிளில் ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது நனைந்துபோன என் தங்கச்சியின் முதுகுதான்.