இரண்டு வயலுக்கு ஒரே ஸ்பிரேயர்

எங்கள் வாசகர் வட்டத்தில் இயற்கை விவசாய இயக்கத்தின் வரலாற்றை எழுதித்தரச் சொன்னார்கள். மறுக்கத் தைரியமில்லை. நூறாண்டுக்கு முன் இந்தூரில் ஓர் ஆங்கிலேயர் நம் விவசாயிகளிடம் எருக்குழி முறையைக் கற்று உலகுக்குச் சொன்னதும், பசுமைப் புரட்சியின் ரசாயன உரமும், அதற்கு எதிராகக் கிளம்பியவர்களும் புத்தகத்தில் கிடைத்தன. திண்டுக்கல் பக்கம் அது எப்படி வந்தது என்பது மட்டும் கிடைக்கவில்லை. எனவே தை மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிப் பேருந்தில் வடமதுரைக்குப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும்.

அங்கே அமர்த்திய ஆட்டோக்காரர் என்னை இரண்டு பண்ணைகளுக்குக் கூட்டிப்போனார். இரண்டிலும் 'இவ்வட்டாரத்தின் முதல் இயற்கைப் பண்ணை' என்று பலகை. ஒன்றின் வாசலிலேயே யூரியா மூட்டை. "அது வேற கணக்குங்க ஐயா" என்றார் உரிமையாளர். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவதாகப் போனது செல்லையாவின் கத்தரி வயல். மறுநாள் சான்றிதழ் ஆய்வாளர் வருகிறார்; தேறினால் ரசாயனமில்லாத விளைச்சல் என்று முத்திரை கிடைக்கும். தவறினால் ரசாயனம் தொடாத வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

"எப்படி ஆரம்பிச்சீங்க?" என்றேன்.

"மருந்தடிச்சப்ப மயங்கி விழுந்தேன். அம்புட்டுதேன் வரலாறு" என்று சொல்லிக்கொண்டே பஞ்சகவ்யம் தெளித்தார்.

சாண வாடையோடு வேறொரு காட்டமான நெடியும் அடித்தது. என் மூக்கை நம்பலாமா என்று செத்த நேரம் யோசித்துவிட்டு, ஸ்பிரேயர் யாருடையது என்று கேட்டேன்.

"பக்கத்து வயல் எங்கண்ணன். ரெண்டு பேருக்கும் பொது. நேத்து அவரு பூச்சி மருந்து அடிச்சாரு."

களை எடுத்துக்கொண்டிருந்த செல்லையாவின் மனைவி பஞ்சவர்ணம் நிமிர்ந்தார். "கழுவுனீங்களா?"

"அண்ணன் கழுவித்தேன் குடுப்பாரு."

"தின்ன தட்டையே கழுவாத மனுசன், டேங்கைக் கழுவுவாராக்கும்!"

செல்லையா வரப்பில் நின்று பக்கத்து வயலைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, டேங்கைக் கழுவுனியா?"

"கழுவுனா அடியில கெடக்குற மருந்து வீணாப் போகும்லடா!"

ஆறு வரிசை ஏற்கெனவே நனைந்திருந்தது. "சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?" என்று செல்லையா என்னைப் பார்த்தார். பஞ்சவர்ணம் போனை எடுத்து ஆய்வாளர் எண்ணைப் போட்டு, கணவர் கையில் திணித்தார்.

"சார், நாளைக்கு வாங்க. ஆனா ஆறு வரிசையை நானே கெடுத்துட்டேன்..." என்று தொடங்கி டேங்க் கதையை முழுக்கச் சொன்னார் செல்லையா.

இத்தனை பெரிய இயக்கம் கடைசியில் ஓர் அண்ணன் டேங்கைக் கழுவுவதை நம்பி நிற்கிறதே என்று ஊர் வந்து சேரும்வரை நொந்துகொண்டேன். போக நினைப்பவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள். ஆட்டோவுக்கு வாடகை பேசிவிட்டு ஏறுங்கள். யார் முதல் என்று மட்டும் கேட்காதீர்கள். முடிவு தெரிய இரண்டு நாள் கழித்து நானே போன் செய்தேன். அந்த வயல் முழுக்க மறுபடி முதல் வருடமாம். சொன்னவர் பஞ்சவர்ணம். செல்லையா புது ஸ்பிரேயர் வாங்கப் போயிருந்தார்.