பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், அப்பா

இந்த ஊரில் வைஃபைக்குக்கூட முகம் கிடையாது. பிராங்க்பர்ட்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மடிக்கணினியைத் திறந்தால் பதினேழு இணைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய எழுத்தும் எண்ணும்தான். எது யார் வீட்டுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டில் அதே பட்டியலைத் திறந்தால் 'மாடி வீட்டு செல்வி', 'டெய்லர் வீடு', 'ஞானம் சார்' என்று தெருவே ஆஜராகிவிடும். அந்த ஞானம் சார்தான் என் அப்பா. மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வீட்டில் தனியாக இருக்கிறார்.

இங்கே வந்த புதிதில், எனக்கு இணைப்புத் தர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்கென்ன என்று எதிர்வீட்டு கெல்லர் அம்மாளிடம் போய், அதுவரை உங்கள் பாஸ்வேர்டைத் தருகிறீர்களா என்று கேட்டேன். என் பல் துலக்கும் பிரஷ் தொலைந்துவிட்டது, உங்களுடையதைக் கொடுங்கள் என்று கேட்டதுபோல் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆபத்தில் இருப்பவள்தான் இப்படிக் கதவைத் தட்டுவாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அப்புறம் எனக்கும் அந்தப் பித்து பிடித்தது. எந்த உலாவி நம்மை வேவு பார்க்கிறது, எந்த விபிஎன் நம் இருப்பிடத்தை மறைக்கிறது என்று வாரக்கணக்கில் படித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் என் கணினி சென்னையில் இருப்பதாக உலகம் நம்புகிறது என்பதை முதன்முதலில் பார்த்தபோது, சின்னப் பிள்ளைபோல் அணைத்து அணைத்துப் போட்டேன். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையாவது இருக்கிறதே என்று அப்படியே விட்டுவைத்தேன். தமிழ்ச் சேனல்களும் அதில்தான் திறக்கும்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனவள் சும்மா இருந்தேனா? தெருவுக்கே தெரிந்த அப்பாவின் பாஸ்வேர்டை மாற்றிப் பதினாறு எழுத்தில் ஒன்று வைத்தேன். அவருடைய கணினியில் விபிஎன் போட்டேன். அது அறுந்தால் எதுவுமே வெளியே போகாதபடி ஒரு பூட்டையும் போட்டேன். எந்த ஊர் வழியாகப் போகட்டும் என்று அது கேட்டபோது, வேகம் குறையும் என்று தெரிந்தும் பிராங்க்பர்ட்டை அழுத்தினேன். என் ஊர் வழியாகப் போய் வரட்டுமே என்றுதான். கிளம்பும்போது, "யாரிடமும் சொல்லாதீங்கப்பா, எதையும் தொடாதீங்க" என்று இரண்டு கட்டளையும் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, வழக்கமான நேரத்தில் அப்பா திரையில் வரவில்லை. அவருடைய பட்டன் போனுக்கு அடித்தேன்.

"நெட்டு வரலம்மா. ரெண்டு நாளாச்சு."

மோடத்தை அணைத்துப் போட வேண்டும். அது பரண்மேல் இருக்கிறது, அவருக்கோ மூட்டு வலி. "நாற்காலியில ஏறாதீங்க. பாண்டி அண்ணனைக் கூப்பிடுங்கப்பா."

பாண்டி அண்ணன் அடுத்த வீடு. ஆரப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். கடையடைத்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வைஃபையில் அப்பாவுடன் கபடி பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

"அவன் இப்பல்லாம் வர்றதில்லம்மா" என்றார் அப்பா. "பாஸ்வேர்டு கேட்டான். நீ சொல்லக்கூடாதுன்னியே. சொல்லல."

இரண்டு மாதமாக அந்த வீட்டில் சாயங்காலம் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. நான்தான் அதைச் செய்திருக்கிறேன். உடனே பாண்டி அண்ணனுக்கு அடித்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி." குரல் விறைப்பாக இருந்தது. "நான் கேட்டதுக்கு சார் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. இம்புட்டு வருசம் பழகி நம்மளத் திருட்டுப்பயன்னு நெனச்சுட்டாகளேன்னு ஆகிப்போச்சு."

"அப்பா மேல தப்பில்லண்ணே. நான்தான் சொல்லவேணாம்னேன். அறிவு கெட்டத்தனம்."

நெட் வராததையும், மோடம் பரண்மேல் இருப்பதையும் சொன்னேன். "சாரு ஏறிறப் போறாரு, வையிங்க. வாரேன்."

அண்ணன் வந்து ஏறி மோடத்தை அணைத்துப் போட்டும் கணினி அசையவில்லை. கோளாறு இணைப்பிலா, கணினியிலா என்று தெரிய ஒரே வழி, இன்னொரு கருவியை அதே வைஃபையில் சேர்த்துப் பார்ப்பது. வீட்டில் இருந்த இன்னொரு கருவி பாண்டி அண்ணனின் செல்போன்தான்.

"சொல்லவாம்மா?" என்று அப்பா என்னிடம் அனுமதி கேட்டார்.

"சொல்லுங்கப்பா."

பதினாறு எழுத்தையும் பைபிள் சங்கீதம் ஒப்பிப்பதுபோல் பிசகாமல் சொன்னார். அண்ணனின் போனில் எல்லாம் ஓடியது. ஆக இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. கரன்ட் போய் வந்ததில் விபிஎன் அறுந்து, நான் போட்ட பூட்டு எல்லாவற்றையும் அடைத்துவைத்திருந்தது. அப்படியென்று திரையிலேயே எழுதியிருந்ததாம். தொடாதே என்று நான் சொன்னதால் அப்பா தொடவில்லை. பூட்டை எடுக்கச் சொன்னேன். விபிஎன்னையும் எடுத்துவிடலாம் என்றபோது அப்பா மறுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும். அதப் போட்டதுலருந்து திரை மூலையில ஒன் ஊரு மழை வெயில் எல்லாம் காட்டுது. காலையில எந்திரிச்சதும் அதத்தான் பாப்பேன்."

மறுநாள் சாயங்காலம் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. அப்பா முறுக்குத் தட்டை மடியில் வைத்திருந்தார்.

"என்ன தங்கச்சி, அங்க மழையாம்ல?" என்றார் பாண்டி அண்ணன்.

என் திரையின் மூலையைப் பார்த்தேன். சென்னையில் மழையே இல்லை, வெக்கை என்று காட்டியது. எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"ஆமாண்ணே, மழைதான்."