மைசூருக்கு யாரும் தற்செயலாக வரவில்லை

ருக்குமணி டீச்சர் தவறிவிட்டார் என்ற செய்தி, பல்லடம் பேருந்து நிலையத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. பெரியநாயக்கன்பாளையம் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடும் கைகளைப் போட்டீர்கள். நானும் போடப் பார்த்தேன், முடியவில்லை. அழுகை வந்தது, கூடவே பல வருடத்துக் கோபமும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் பாதிச் சாற்றை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கணக்கு டீச்சர் அவர். நான் அறிவியல். சேர்ந்த புதிதில் எனக்கு டைபாய்டு வந்து அறையில் தனியாகக் கிடந்தேன். தூக்குப்போசியில் குழைந்த அரிசிம்பருப்புச் சோற்றோடு இரண்டு பஸ் மாறி வந்தார். தலைமையாசிரியர் என்னைத் திட்டிய ஒருநாள் நான் பொங்கிக்கொண்டிருந்தபோது, “கோவப்படு, வேண்டாங்கல. மூஞ்சியக் கழுவீட்டு வந்து கோவப்படு கண்ணு” என்றார். அவரைப் பிடிக்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. எனக்கும் பிடிக்கும். சிக்கலே அதுதான்.

அந்தக் காலத்தில் என் வீட்டில் மாப்பிள்ளை தேடிக் களைத்துப்போயிருந்தார்கள். பஜ்ஜித் தட்டோடு நான் நிற்க வேண்டும், வந்தவர்கள் மேலும் கீழும் பார்க்க வேண்டும், “ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோமுங்க” என்று போனவர்கள் அப்படியே விட்டுவிட வேண்டும். கடைசியாக வந்தவர்கள் போன பிறகு, இனி யார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன். அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ருக்குமணி டீச்சரிடம் மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அட, உட்டுத் தள்ளு அம்மணி. லீவுக்கு மைசூர் போலாம் வா. நாலு எடம் பாத்துப்போட்டு வந்தா மனசு லேசாயிரும்” என்றார்.

நானும் அவரும் அவர் வீட்டுக்காரரும் மே மாதத்தில் கிளம்பினோம். மைசூர் அரண்மனை வாசலில் செருப்பு விடும் இடத்தில், “ஏனுங்க, டோக்கன் இங்கதான் தருவாங்களா?” என்று ஓர் அம்மா கேட்டார். வெளியூரில் நம் பேச்சைக் கேட்டால் வருமே ஒரு சந்தோஷம், அது எனக்கு வந்தது. உடுமலைப்பேட்டைக்காரர்கள். அம்மா, அப்பா, தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகன். தர்பார் மண்டபத் தூண்களையும் கண்ணாடிக் கூரையையும் சேர்ந்தே பார்த்தோம். மறுநாள் சாமுண்டி மலையில் பெரிய நந்திக்கு முன்னால் மறுபடி அவர்களே நின்றார்கள். “எங்க போனாலும் நீங்கதானுங்களா?” என்று நான் சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டையைப் பார்த்துவிட்டு, காவிரியில் எல்லோரும் ஒரே பரிசலில் ஏறினோம். அந்த அம்மா, “உனக்குச் சமைக்கத் தெரியுமா கண்ணு?” என்றார். “சோறு வெச்சா கஞ்சியாயிருமுங்க” என்றேன். எல்லோரும் சிரிக்கவே எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் தட்டோடு எப்படி நிற்பேன், மாப்பிள்ளையின் அத்தை என் பல்லை எப்படி எட்டிப் பார்ப்பார் என்று பரிசலில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினேன். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது, திம்பம் மலைப்பாதையில் பஸ் இறங்கிக்கொண்டிருக்கையில் டீச்சர் சொன்னார். அவர்கள் அவருக்குத் தூரத்துச் சொந்தம். என்னைப் பார்க்கத்தான் மைசூர் வந்தார்கள். நம் பக்கம் கோயிலில் வைத்துப் பெண் காட்டுவது உண்டு, வேண்டாம் என்று போனாலும் நாலு பேருக்குத் தெரியாது. டீச்சர் அதையே ஒரு சுற்றுலாவாக ஆக்கிவிட்டார். என் அம்மாவுக்கும் விஷயம் தெரியும்.

“ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமல்லங்க டீச்சர்?”

“கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவே.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். யாருமே என்னை அளக்கவில்லை என்று நம்பித்தான் அந்த மூன்று நாளும் அப்படிச் சிரித்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி திறந்த பிறகு உடுமலைப்பேட்டையிலிருந்து பதில் வந்தது. “நல்ல பொண்ணுதான், கொஞ்சம் வாய் ஜாஸ்தின்னு சொல்றாங்க” என்று டீச்சரே ஆசிரியர் அறையில் மெதுவாகச் சொன்னார். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. நந்தியைச் சுற்றி வரும்போது பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரை எனக்குக் கொடுத்தவர் அவர். பிடித்திருக்கிறதா என்று டீச்சர் அவர்களைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. அதன் பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு டீச்சர் காரணம் இல்லை, பழியை அவர்மேல் போட மாட்டேன். ஆனால் மாற்றல் வாங்கிப் பல்லடத்துக்கு வந்ததற்கு அவர்தான் காரணம்.

டீச்சரை எடுப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். முகம் அப்படியே இருந்தது. அவர் மகள் என் தோளில் சாய்ந்து, “அம்மாளுக்கு உங்க மேல உசுருங்க அக்கா” என்று அழுதாள். “தெரியும் சாமி” என்றேன். தெரியும்தான். பிரியம் இல்லாத ஒருத்தர் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

இப்போதைய பள்ளியில் கூட வேலை பார்ப்பவர்கள் இந்த லீவுக்குத் தஞ்சாவூர் போகலாம் என்று கூப்பிட்டார்கள். “யார் யாருங்க வர்றாங்க?” என்றேன். “எங்க கூப்புட்டாலும் மொதல்ல இதையே கேக்கறீங்களே” என்று கேலி செய்தார்கள். ருக்குமணி டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். அதைக் கேட்காமல் நான் நம்பிக் கிளம்பிப்போன கடைசி ஆள் நீங்கள்தான், டீச்சர்.