கண்டக்டர் பை மாதிரி ஓர் அம்புக்கூடு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மாடு, இன்னொன்று வில். மூன்றாவதாக என்னையும் சேர்த்துக்கொள்வார் என்று கல்யாணமான புதிதில் நம்பிக்கொண்டிருந்தேன். சேர்த்தாரா இல்லையா என்று தெரியவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் நடந்தது இது. ஏரியூரில் பிறந்து, இண்டூர்ப் பக்கம் பாறைக் கரட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அந்த ஊரில் பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் பாரிவேட்டை போவார்கள். வில்லும் அம்புமாக ஆண்கள் வரிசை கட்டிக் கரட்டில் ஏறுவார்கள். முயலோ கௌதாரியோ கிடைத்தால் கொண்டு வருவார்கள், பெரும்பாலும் காலில் முள்ளோடு வருவார்கள். காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று வனத்துறை வாட்சர் அப்போதே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கு அந்த வேட்டையும் இல்லை, இல்லாததும் நல்லதுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நான் சொல்ல வந்தது அம்புக்கூட்டைப் பற்றி. புத்தகத்தில் அம்பறாத்தூணி என்பார்கள். எங்கள் ஊரில் யாரிடமாவது அப்படிச் சொன்னால் என்ன வியாதி அது என்று கேட்பார்கள்.

நினைத்தவர்கள் எல்லாம் வில்லைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய்விட முடியாது. வேட்டைக்குப் போகும் காலையில் கோயில் மைதானத்தில் ஒரு வாழைத்தண்டை நட்டுவைப்பார்கள். முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும். பம்பைக்காரர் ஒரு சுற்று அடித்து முடிப்பதற்குள், கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மூன்று அம்பைத் தண்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வரிசை. இல்லாவிட்டால் கையில் ஒரு தடியைக் கொடுத்து, புதர் தட்டுகிற கூட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். புதர் தட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மீசை முளைத்த நாளிலிருந்து வரிசையில் நடந்தவருக்கு அந்தத் தடி எப்படிக் கனக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

முந்தைய வருடம் எருதாட்டத்தில் ஒரு காளை வெட்டி இழுத்ததில், வடக்கயிற்றைப் பிடித்திருந்த இவருக்கு வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு, எண்ணெய் நீவி, ஆறு மாதத்தில் கை வேலைக்கு ஆனது. ஏர் பிடிப்பார், மண்வெட்டி பிடிப்பார், நாணைக்கூட நெஞ்சு வரை இழுத்துவிடுவார். தோளுக்கு மேலே மட்டும் கை போகாது. ஊரில் எல்லோரும் முதுகில்தான் கூடு கட்டுவார்கள், தோளுக்கு மேலே கையை விட்டு அம்பை உருவுவார்கள். இவர் கை காதைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். அம்பு விடத் தெரிந்த மனிதருக்கு அம்பை எடுக்க முடியவில்லை. என்ன கொடுமை இது!

"இந்த வருஷம் நான் போவல புள்ள" என்றார் ஐப்பசியிலேயே. சொல்லிவிட்டு, வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். போகாதவருக்கு எதற்கு எண்ணெய்?

அந்த வாரமே ஊர்ப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டையை நடத்துகிறவர் அவர்தான், இவருக்குப் பெரியப்பா முறை. விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார்.

"அதுக்கென்னாப்பா, ஒரு வருஷம் பொதரு தட்டு. யாரா இருந்தாலும் மூணு அம்பு மூணு அம்புதான். உனக்குன்னு மாத்தனா நாளைக்கு ஊரு சிரிக்கும்" என்றார்.

இவர் சரியென்று தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் மூக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் அம்மாவே சொல்வாள். தண்ணீர் கொண்டுவந்த சொம்பை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். பெரியவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்துவிட்டுப் போய்விட்டார். ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று அன்றைக்கு முடிவுகட்டியவள், அதன்பின் இரண்டு மாதம் அவரை மனசுக்குள் திட்டாத நாளில்லை.

"முதுகுல கட்டலன்னா என்னாங்க? இடுப்புல கட்டுங்க" என்றேன் இவரிடம்.

"இடுப்புல கட்டிக்கிட்டு முள்ளுல குனிஞ்சா அம்பு பூரா கொட்டிப் போவும்."

"கொட்டாத மாதிரி ஒண்ணு தேடிப் பாப்பம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மூங்கிலில் நீளமாக ஒரு கூடு முடையச் சொல்லி வாங்கிவந்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வேலியில் ஒரு தரம் குனிந்து நுழைந்தார், ஏழு அம்பும் அவருக்கு முன்னால் போய் விழுந்தன. அடுத்தது போர்வெல்லுக்கு இறக்கிய பிளாஸ்டிக் பைப்பில் மிச்சமான துண்டு. அடியை அடைத்து வார் கோத்தேன். அம்பு கொட்டவில்லை, ஆனால் ஓர் எட்டு வைத்தால் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், ஐயோ! கடலைக்காட்டில் மேய்ந்த கௌதாரி நாங்கள் நாலு வயல் தள்ளி வரும்போதே எழுந்து பறந்துவிட்டது. "மாட்டுக்கு மணி கட்டன மாதிரி எனக்குக் கட்டிட்டியே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோள் இறங்கியதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், அதனால் பைப் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தோலில் ஒன்று தைத்து வாங்கி, மெத்தென்று ஆகட்டுமே என்று ஆட்டுக்கொழுப்பைத் தடவி வெயிலில் வைத்தேன். அதை எங்கள் நாய் தின்றுவிட்டது. வாரைக்கூட விடவில்லை.

கார்த்திகையில் அம்மாவைப் பார்க்க ஏரியூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்புப் பையில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் பள்ளத்தில் குதிக்கிறது, ஆட்கள் அவர் மேல் சாய்கிறார்கள், அவர் பையைப் பார்க்கவேயில்லை. பையும் ஆடவில்லை, உள்ளே இருந்தது எதுவும் கொட்டவுமில்லை. உற்றுப் பார்த்தேன். பை நேராகத் தொங்கவில்லை. வாய் கைப்பக்கம் சாய்ந்து, அடிப்பக்கம் தொடையில் ஒட்டிக் கிடந்தது. கை மேலே போகவே வேண்டாம். தொங்கவிட்டால் அதுவாகப் போய் விழுகிற இடத்தில் பையின் வாய் இருந்தது.

"என்னாம்மா, பையையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"அண்ணே, கொஞ்சம் திரும்பி நில்லுங்க. வாரு எங்க தெச்சிருக்குன்னு பாக்கோணும்."

பஸ்ஸே சிரித்தது. அவர் பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்குப் போடுகிற பழைய தார்ப்பாயை எடுத்து வெட்டினேன். கோணி ஊசியால் நானே தைத்தேன். விரலில் குத்தாத இடமில்லை. வாயை அகலமாக வைத்து, கைப்பக்கம் சாய்த்து வார் கோத்தேன். சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி, கூட்டின் அடியைத் தொடையோடு சேர்த்துக் கட்டினேன். இன்னொரு பட்டையை வாயின் குறுக்கே இழுத்துத் தைத்தேன். அம்புகள் அதில் சாய்ந்து நின்றன. சத்தம் வராமலிருக்க அடியில் தேங்காய் நாரைத் திணித்தேன். அவர் கட்டிக்கொண்டு நடந்தார், ஓடினார், வேலியில் குனிந்தார். ஓர் அம்புகூட விழவில்லை.

"அட, கண்டக்டரு!" என்றேன்.

"டிக்கெட் எடுங்க, டிக்கெட் எடுங்க" என்று என் இடுப்பில் கிள்ளினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தினமும் சாயங்காலம் களத்துமேட்டில் பயிற்சி. பம்பைச் சுற்று ஒன்றுக்கு நாற்பது அடி. நான் பித்தளைத் தட்டில் கரண்டியால் அடித்து எண்ணுவேன், அவர் வைக்கோல் போரில் அம்பு விடுவார். முதலில் நாற்பதுக்கு ஒன்றுதான் போயிற்று. மார்கழி நடுவில் இரண்டு. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில், முப்பத்தெட்டாவது அடியில் மூன்றாவது அம்பு போய் நின்றது. தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பொங்கலன்று பார்த்தால், அம்பு முனைகள் குத்திக் குத்தி நார் பிய்ந்து சுருண்டிருந்தது. ஒரு முனை அதில் சிக்கிக்கொண்டால் எல்லாம் போச்சே என்று, நாரை உருவிவிட்டுப் புதிதாக ஒரு சாக்குத் துண்டை நாலாக மடித்து அடியில் வைத்துத் தைத்தேன். நல்ல கனமான சாக்கு. பொங்கலுக்கு வெல்லம் வந்த சாக்கு. உதறினேன், துவைக்கவில்லை. துவைத்தால் காயாதே என்று நினைத்தேன். தைத்ததைத் தொழுவத்துக் கம்பத்தில் மாட்டிவைத்தேன். மார்கழி முடிந்தும் பனி நின்றபாடில்லை. பனியில் வெல்லம் கசிந்திருக்கிறது. ஊரில் இருந்த சிவப்பெறும்புக்கெல்லாம் நான் பொங்கல் வைத்திருக்கிறேன்.

வேட்டை நாளன்று பெண்கள் கோயில் மதிலோரம் நின்றோம். அங்கிருந்து வாழைத்தண்டும், எய்கிறவரும் மட்டும்தான் தெரிவார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாக இவர் வந்தார். இடுப்புக் கூட்டைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தார்கள். "டிரைவர் எங்கடா?" என்று ஒருத்தன் கேட்டான். பம்பை தொடங்கியது. என் வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது.

முதல் அம்பு பதினோராவது அடியில் போய் நின்றது. இரண்டாவதுக்குக் கையை விட்டவர், சட்டென்று கையை வெளியே எடுத்தார். முழங்கை வரை சிவப்பாக ஏதோ ஏறியது. எறும்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாவி, நான்தான் பாவி! வெல்லச் சாக்கு!

உதறுவார் என்று பார்த்தேன். உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கையை விட்டு அம்பை எடுத்தார். இருபத்தொன்பதில் இரண்டாவது அம்பு நின்றது. மூன்றாவதை எடுத்து நாணில் வைக்கும்போது என் எண்ணிக்கை முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பம்பை நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். அவர் இன்னும் வில்லை இழுத்தபடி நின்றிருந்தார். கன்னத்தில் கண்ணீராக வழிந்தது. சிவப்பெறும்புக் கடி சாதாரணமா? நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. ஐம்பத்தொன்றில் அம்பு கிளம்பித் தண்டில் குத்தியது. ஐம்பத்திரண்டில் பம்பை நின்றது.

அத்தனை பேரும் சின்ன வயசிலிருந்து அந்தச் சுற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள், பன்னிரண்டு அடி கூடியது காதுக்குத் தெரியாமலா இருக்கும்? "டிரைவர் எங்க" என்று கேட்டவன் ஓடிவந்து இவர் கையில் திருநீற்றைத் தேய்த்துவிட்டான். இவர் வரிசையில் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு ஊருக்கே இரண்டு முயல்தான் கிடைத்தது, இரண்டும் இவருடையதில்லை. கையெல்லாம் தடித்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாள் காலை பம்பைக்காரர் எங்கள் களத்துப் பக்கம் போகும்போது கூப்பிட்டேன்.

"ஏங்கண்ணே, நாப்பதுக்கு அம்பத்திரெண்டு அடிச்சீங்களே. எங்க வூட்டுக்காரருக்காவ பாவம் பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். "எனக்கேதும்மா அந்த அதிகாரம்? நான் எண்ணறதே இல்லீங்க. பெரியவரு தோள்துண்டக் கையில தூக்கிப் புடிச்சிருப்பாரு. நாப்பதுல எறக்குவாரு, நான் நிறுத்துவன். நேத்து அவரு எறக்கவே இல்லீங்க. என் கை கழண்டு போச்சு."

இரண்டு மாதமாக அந்த மனுஷரை நான் என்னென்ன திட்டியிருந்தேன்! ஊர் சிரிக்கும் என்றவர், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில் துண்டை இறக்காமல் நின்றிருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை ஒளிக்கவும் இல்லை, அழுதுகொண்டே தொழுவத்துக்கு ஓடினேன்.

இவர் வீங்கிய கையால் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, பம்பைக்காரர் சொன்னதைச் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பலருந்து?"

"நீ ரெண்டு மாசமா தட்டடிச்சியே, நாப்பது எனக்குத் தெரியாதா? நாப்பத்தொண்ணாவது அடி உழுந்ததும் பெரியப்பாவத் திரும்பிப் பாத்தன். துண்டு மேலயே இருந்துச்சு."

"அப்பறமும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பாவம், எறும்புக் கடி தாங்காம அழுவறீங்கன்னு நான் அங்க துடிச்சுப் போயிட்டன்."

அப்போதுதான் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எறும்பு கடிச்சா நான் அழுவனா, புள்ள?"