ஐஸ் பாயின் மச்சான்கள்

போன வாரம் ஒரு வேலையாகக் கடலூர் போயிருந்தேன். முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பினால் எதிரே ஐஸ் பாய் நிற்கிறார். மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, கையில் ஹாக்கி ஸ்டிக்கோடு. தலைக்கு மேல் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. தேதியைப் பார்த்தேன். அடக்கம் முந்தாநாளே முடிந்துவிட்டிருந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எங்கள் பக்கத்து அஞ்சலி பேனர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? இறந்தவர் படம் ஒன்று, வருந்துகிறவர்கள் படம் நாற்பது. ஒருவர் கைகூப்பியிருப்பார், ஒருவர் காதில் செல்போன் வைத்திருப்பார், ஒருவர் தன் கல்யாண ஆல்பத்திலிருந்து மாலையோடு நேராக வந்திருப்பார். அந்த வரிசையில் முதல் ஆளாக, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, என்னோடு முன்பு தங்கியிருந்த செல்வம் இருந்தான். படத்துக்குக் கீழே ‘உயிர் மச்சான்’ என்று போட்டிருந்தது. பாய் போய்விட்டார் என்ற செய்தி உள்ளே இறங்குவதற்குள் அந்த ‘உயிர் மச்சான்’ வந்து குத்திவிட்டது.

டீயை வாங்கிக்கொண்டு மறுபடி பேனரைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. முகம் பாய் முகம்தான், அந்தக் கோணல் சிரிப்பும் அவருடையதுதான், ஆனால் நிற்கிறவர் வேறு யாரோ மாதிரி இருந்தது. பாதி டீ குடித்த பிறகுதான் பிடிபட்டது. படத்தில் பாய் இடதுகைக்காரராக இருந்தார்.

ஹாக்கி பார்க்காதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கிரிக்கெட்டில் இடதுகை ஆட்டக்காரர் உண்டு. ஹாக்கியில் கிடையாது. இடது கையால் சோறு தின்கிறவனாக இருந்தாலும் ஸ்டிக்கைப் பிடிக்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே. ஸ்டிக்கின் தட்டையான பக்கம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, எல்லாருக்கும் ஒரே ஸ்டிக்தான். கீழே வரிசையாக இருக்கும் மச்சான்களைப் பாய் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று டிசைன் போட்ட ஆள் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டிருக்கிறார். நாற்பது பேரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. உயிர் மச்சானுக்கும்தான். துக்கத்துக்கு நடுவில் வரக்கூடாத ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் வண்டி தண்ணீர் ஒழுக்கிக்கொண்டே போனது. ஐஸ், உமி, மீன் மூன்றும் கலந்த வாடை. அது பாயின் வாடை. துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பார் பாராக ஐஸை இழுத்துப்போட்டு உடைத்துப் படகுகளுக்கு ஏற்றுகிற வேலை அவருக்கு. வீட்டில் வைத்த பெயர் யூசுப். ஐஸ் கம்பெனி பாய் என்பது சுருங்கி ஐஸ் பாய் ஆனது. சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிற ஆட்டத்துக்கும் எங்கள் பக்கம் அதே பெயர்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொருத்தமாகவும் இருந்தது. பாய் ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். எதிர் அணி ஃபார்வர்டு பந்தை உருட்டிக்கொண்டு வருவான், பாய் அவசரமே இல்லாமல் ஸ்டிக்கை ஒரு நீட்டு நீட்டுவார். அவன் அவரைத் தாண்டி இன்னும் பத்தடி ஓடி, கீழே பார்த்து, பந்தைக் காணாமல் விழிப்பான். “ஒளிச்சிட்டாருடா ஐஸ் பாய்!” என்று சுற்றி நிற்கிற கூட்டம் கத்தும். நான் கத்த மாட்டேன், கூச்சம். உள்ளுக்குள் கத்துவேன்.

சுனாமி வந்த வருஷம்தான் நான் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்குக் கடலும் புதிது, கம்பெனி நாற்றமும் புதிது. சட்டையை எப்படித் துவைத்தாலும் அழுகிய முட்டை வாடை போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து முதுநகர் ரூமுக்கு நடந்து வரும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலிலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம். கோலுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பந்து மோதுகிற சத்தம் அது. அடித்தவர் பாய். அன்றைக்கு நின்றவன்தான், பிறகு வேலை முடிந்தால் கால் தானாக அங்கே போய்விடும். அந்த ஊரில் என் வாடையைப் பொருட்படுத்தாத ஒரே கூட்டம் அது. அங்கே ஏற்கெனவே மீன் வாடை இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செல்வம் என் ரூம் மேட். கிள்ளைப் பக்கத்துப் பையன், முதுநகரில் செல்போன் ரீசார்ஜ் கடையில் வேலை. அவனைக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான். முதல் நாளே பாய் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தார். செல்வம் பாட்டிலை நீட்டினான். “குடு மச்சான்” என்று வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அங்கேயே நிற்கிற என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா சார்?” என்றார்.

சார்! அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செல்வம் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “என்னா மனுஷன்டா, வந்த ஒடனே மச்சான்றாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பாய் எல்லாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். சோடா விற்கிறவர் மச்சான், நடுவர் மச்சான், கோல் கீப்பர் பையனின் அப்பாவும் மச்சான். கிரவுண்டில் மேய வந்த ஆட்டை ஒருமுறை “ஒதுங்கு மச்சான்” என்று ஸ்டிக்கால் தள்ளிவிட்டார், என் காதால் கேட்டேன். ஆட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து அப்படியே வருவதால் டக்-இன் செய்த சட்டை, ஷூ, கழுத்தில் கம்பெனி கார்டு. அதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, மறுநாள் ரூமுக்குப் போய் லுங்கி மாற்றிக்கொண்டு வந்தேன். “என்னா சார், லீவா?” என்றார். அப்புறம் தாடி வளர்த்துப் பார்த்தேன். “ஒடம்பு கிடம்பு சரியில்லியா சார்?” என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். தாடியை எடுத்துவிட்டேன்.

இதற்குள் செல்வம் என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான். மேட்ச் முடிந்தால் பாயின் துண்டு அவன் தோளில் கிடக்கும். பெருநாளைக்கு அவர் வீட்டுப் பிரியாணி அவன் பெயர் சொல்லித்தான் எங்கள் ரூமுக்கு வரும். பசித்துக் கிடந்தாலும், “எனக்கு வேணாம், வயிறு சரியில்ல” என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைச் சாப்பிடுவேன். இத்தனைக்கும் பாய் எந்தக் காலில் முதல் அடி வைத்தால் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எனக்குத் தெரியும். அவன் அந்த நேரத்தில் சோடாக்காரரோடு கதை பேசிக்கொண்டிருப்பான். யார் பெரிய ரசிகன் என்று ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் மாநிலத்தில் முதலாக வந்திருப்பேன். யாரும் வைக்கவில்லை.

தானே புயலுக்குப் பிறகு கடலூரில் விழுந்த மரங்களையெல்லாம் கொண்டுவந்து அந்தப் பொட்டலில் கொட்டினார்கள். அதோடு ஆட்டம் நின்றது. எனக்கும் கம்பெனி மாறியது, ஊர் மாறியது. ஆட்டம் இல்லாத ஊருக்கு எதற்கு வருவது என்று நானும் வரவில்லை.

டீக்கடைக்காரரிடம் விசாரித்ததில் செல்வத்தின் செல்போன் கடை அடுத்த தெருவிலேயே இருந்தது. நேராகப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது, ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பேனர்ல பாயை லெஃப்ட் ஹேண்டா ஆக்கி வச்சிருக்கியேடா, பாக்கலியா?”

“அப்டியா?” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “எனக்கு இன்னாடா தெரியும் ஹாக்கில. இன்னி வரைக்கும் அதுல எப்டி கோல் கணக்கு பண்றாங்கன்னே தெரியாது.”

“அப்பறம் எதுக்குடா அத்தினி வருஷம் வந்த?”

“அவர பாக்கத்தான்.”

என் பரீட்சையில் அவன் ஒரு கேள்விக்கும் விடை தெரியாமல் பாஸாகியிருந்தான். ஆட்டம் நின்ற பிறகும் அவன் அவரை விடவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போவானாம். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறான். மகள் நிக்காஹுக்கு மண்டபம் பார்க்க அவர்கூட அலைந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கேட்ட இளநீரை வாங்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களைவிட, நான் பார்க்காத வருஷங்களில் அவனுக்கு ஜாஸ்தி கிடைத்திருக்கிறது.

“ஹாக்கிய பத்தி எதுனா பேசுவாரா?” என்று கேட்டேன்.

“ஒருநாளும் பேச மாட்டாரு. நானா எடுத்தாலும் பேச்ச மாத்திடுவாரு.” பிறகு செல்வமே கேட்டான்: “சிதம்பரம் ஃபைனல் அன்னிக்கி நீ இருந்த இல்ல? எனக்கு ஓனர் லீவு குடுக்கல. தோத்த பின்னாடி அவரு வேன்ல ஏறவே இல்லியாம். எப்டி ஊரு வந்து சேந்தாருன்னு அவுங்க வீட்டுலயும் கேட்டுப் பாத்தாங்க, அவரு கடைசி வரைக்கும் சொல்லல. ஒனக்கு எதுனா தெரியுமாடா?”

“தெரியாதுடா” என்றேன். “நான் மேட்ச் முடியறதுக்குள்ள கெளம்பிட்டேன்.”

உங்களிடம் சொல்கிறேன். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. பாய் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது கடலூர் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறினோம். வழக்கம்போல என் பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தார். பி.முட்லூர் வரைக்கும் ஸ்டிக் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளுக்கு வந்தது. தூங்கிவிட்டார். புதுச்சத்திரம் போச்சு, ஆலப்பாக்கம் போச்சு, கை மரத்துப் போனது, நான் அசையவில்லை. எதிரே வந்த வண்டிகளின் ஹாரனெல்லாம் அவரை எழுப்பத்தான் அடிக்கிறார்கள் என்று கோபம் வந்தது. முதுநகரில் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “தோளு வலிக்கும் சார், சாரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது அந்தப் பொட்டலில் வரிசையாக வீடுகள். ஐஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். சிதம்பரம் ரோடு அகலமாகிவிட்டதால் பஸ்ஸெல்லாம் வழியில் இருக்கும் ஊர்களுக்குள் போகாமலே பறக்கிறது, ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்கி எழுகிற தூரம்கூட இல்லை. தோளில் சாய்ந்தவரும் போய்விட்டார். அந்தப் பயணத்தைப் பற்றித் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். செல்வத்துக்குத் துண்டு இருக்கிறது, பிரியாணி இருக்கிறது, இளநீர் இருக்கிறது, மச்சான் இருக்கிறது. இது ஒன்று என்னிடம் இருக்கட்டும். நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.